‘நல்லதுக்குத்தானே சொல்றோம்’: பெங்களூரில் விற்கும் தேர்தல் செய்திப் பேக்கேஜ் பற்றி ஒரு மதிப்புரை

அல்சூர், சிவாஜிநகர், மர்பி டவுன், ஆஸ்டின் டவுன், விவேக் நகர், ஸ்ரீராமபுரம், லிங்கராஜபுரம் என்று தமிழர்கள் நெருங்கி வாழும் வட்டாரங்களில் தேர்தல் பேச்சு கிளம்பினால் ஒரு விற்பனையும் கூடவே கிளம்பிவிடுகிறது. குடியிருப்போர் சங்கம், கோயில் கமிட்டி, தமிழ் அமைப்பு, வேட்பாளராக நிற்க நினைப்பவர் என்று எல்லோரையும் தேடி வந்து ‘வாக்காளர் விழிப்புணர்வு பேக்கேஜ்’ என்று விற்கிறார்கள். விற்பவர்கள் பலர், சரக்கு ஏறக்குறைய ஒன்றே. அதனால் எந்த நிறுவனத்தின் பெயரையும் எடுக்காமல் பேக்கேஜை மட்டும் பிரித்துப் பார்க்கிறோம்.

உள்ளே ஐந்து உறுப்புகள். பூத் விவரம் அனுப்பும் எஸ்.எம்.எஸ்.; 30 நொடிக் குரல் அழைப்பு; வாட்ஸ்அப் குழுக்களில் போடும் பட அட்டைகள்; வீடு வீடாகப் போய் நிரப்பும் தாள். ஐந்தாவதுக்கு ‘அவசர வரிசை’ என்று பெயர். வாக்குப்பதிவுக்கு முந்தின மூன்று நாளும் அன்றைக்கும் அனுப்புவதற்காக முன்கூட்டியே எழுதி வைத்த செய்திகள் அவை. கூடுதல் காசு இதற்குத்தான். விற்பவர் அதிகம் புகழ்வதும் இதைத்தான்.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். முதல் இரண்டையும் நான்காவதையும் வாங்கலாம். வாட்ஸ்அப் அட்டைகளை நிபந்தனையோடு வாங்கலாம். அவசர வரிசையைச் சும்மா கொடுத்தாலும் தொடாதீர்கள். அதில் இருப்பது பொய். நல்ல காரியத்துக்காகச் சொல்லும் பொய் என்பதால்தான் நல்ல மனிதர்களும் அதில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

காரியம் நல்லது என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. 2024 மக்களவைத் தேர்தலில் பெங்களூரு மத்திய, வடக்கு, தெற்குத் தொகுதிகளில் பதிவானது 53, 54 சதவீதத்தை ஒட்டித்தான். நகரத்தில் பாதிப் பேர் பூத் பக்கமே போகவில்லை. மாநகராட்சி மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்துபோய், வார்டுக்கு ஒரு உறுப்பினர் இல்லாமலே ஆண்டுகள் ஓடின. 2025-இல் நகரத்தை ஐந்து மாநகராட்சிகளாகப் பிரித்துவிட்டார்கள். சாக்கடை அடைத்தால் யாரிடம் போவது என்று தெரியாத தெருக்களில், ‘ஜனங்க ஓட்டுப் போட வரணும்’ என்று ஒரு சங்கம் துடிப்பது நியாயம். அந்தத் துடிப்பைத்தான் இந்தச் சரக்கு காசாக்குகிறது.

முதலில் எஸ்.எம்.எஸ். இதில் கவனிக்க வேண்டியது எழுத்துக் கணக்கு. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து என்றால் தமிழில் 70. அதையும் நாம் எண்ணுவது போல எண்ண முடியாது. ‘உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா?’ என்பதில் நம் கணக்குக்கு 19 எழுத்து. இடைவெளியும் கேள்விக்குறியும் சேர்த்தால் 23. புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியே எண்ணப்படுவதால் செல்பேசி வலைப்பின்னலுக்கு அது 35. ஒரு செய்தியின் பாதி இடம் அதிலேயே போய்விடுகிறது. 70-ஐத் தாண்டினால் துண்டு துண்டாக, துண்டுக்கு 67 வீதம் வெட்டி அனுப்பி ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் கட்டணம் போடுவார்கள். விலை பேசும்போது ‘ஒரு செய்திக்கு’ என்றால் எந்தச் செய்திக்கு, எத்தனை துண்டுக்கு என்று எழுதி வாங்குங்கள்.

இந்த இடநெருக்கடியில்தான் முதல் பொய் சத்தமில்லாமல் நுழைகிறது. துண்டு குறைய வேண்டும் என்பதற்காக நிபந்தனையை வெட்டிவிடுவார்கள். மாதிரிச் செய்திகளில் ஒன்று: ‘200 யூனிட் கரண்ட் இலவசம், தொடர ஓட்டுப் போடுங்கள்.’ கர்நாடகத்தில் கிருஹஜோதி திட்டம் 2023-இல் தொடங்கியபோது கணக்கு வேறு. முந்தைய நிதியாண்டின் மாதச் சராசரியோடு 10 சதவீதம் சேர்த்ததுதான் ஒரு வீட்டுக்கு உரியது. 200 என்பது உச்ச வரம்பு. மாதம் 80 யூனிட் எரித்த வீட்டுக்கு 88 வரை இலவசம். 100 எரித்தால் 12 யூனிட்டுக்குக் கட்ட வேண்டும். 200-ஐத் தாண்டினால் முழு பில். செய்தியை நம்பி ஒரு ஹீட்டர் வாங்கிப் போட்ட குடும்பத்துக்கு பில் வரும்போது கோபம் யார்மேல் வரும்? திட்டத்தின்மேல் வரும், அரசின்மேல் வரும், செய்தி அனுப்பிய சங்கத்தின்மேலும் வரும். சொன்ன எண் சரி. விட்ட நிபந்தனைதான் பொய்யாக வேலை செய்கிறது. நிபந்தனை உள்ள எதையும் எஸ்.எம்.எஸ்-ஸில் சொல்லாதீர்கள். பூத் எங்கே, பாகம் எண் என்ன, வரிசை எண் என்ன, எத்தனை மணி வரை என்பதற்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு இந்த எஸ்.எம்.எஸ். சேவை நன்றாகவே வேலை செய்கிறது.

குரல் அழைப்பு பெங்களூருத் தமிழர்களுக்கு எஸ்.எம்.எஸ்-ஸை விடப் பொருத்தம். இங்கே இரண்டு, மூன்று தலைமுறையாக இருக்கும் வீடுகளில் தமிழ் பேசுவார்கள், படிப்பது கன்னடமோ ஆங்கிலமோ ஆக இருக்கும். ஆனால் டிவி செய்தித் தமிழில் பேசினால் பாதியில் வைத்துவிடுவார்கள். அல்சூர் மார்க்கெட்டில் கேட்கிற தமிழில் ஒரு பெண் குரல், நின்று நிதானமாகப் பேசினால் போதும்.

இங்கே விற்பவர் ஒரு ‘ஸ்பெஷல்’ காட்டுவார்: மறைந்த தலைவர்களின் குரலைக் கணினியில் செய்து அதில் பேச வைப்பது. 2024 ஜனவரியில் கருணாநிதியின் உருவமும் குரலும் செயற்கை நுண்ணறிவில் உருவாகி ஒரு மேடையில் ஓடியது. அடுத்த மாதமே ஜெயலலிதா குரலில் ஒரு பேச்சு வெளியானது. இரண்டிலும் கேட்டவர்களுக்கு அது உருவாக்கப்பட்டது என்று தெரியும். அவர்கள் உயிரோடு இல்லை என்பதே அறிவிப்பு மாதிரி. உள்ளூர்த் தலைவர் ஒருவரின் குரலைச் செய்து, ‘அம்மா, நான்தான் பேசறேன், நாளைக்கு வந்துடுங்க’ என்று வீட்டுக்குப் போன் போடுவது வேறு விஷயம். கேட்பவர் அவரே பேசினார் என்று நம்பிப் போகிறார். அந்த அழைப்பு நம்பப்படுவதே அதனால்தான். செயற்கைக் குரல் என்றால் பிரசார ஒலியின் முதல் 10 சதவீத நேரத்தில் அதை அறிவிக்க வேண்டும் என்று தேர்தல் ஆணையம் 2025 அக்டோபரில் சொல்லியிருக்கிறது. 30 நொடி அழைப்பில் அது 3 நொடி. ‘இது கணினி செய்த குரல்’ என்று சொல்ல அந்த 3 நொடி போதும். அப்படிச் சொல்லித் தருகிறீர்களா என்று கேளுங்கள். ‘சொன்னா எஃபெக்ட் போயிடும் சார்’ என்று பதில் வந்தால், அந்த எஃபெக்ட் எதனால் வந்தது என்று புரிந்துவிடும்.

நான்காவது உறுப்பான வீடு தேடும் தாள்தான் முழுப் பேக்கேஜிலும் சிறந்தது. விற்பவர்களே அதை மதிப்பதில்லை என்பது வருத்தம். ஏன் சிறந்தது என்றால், நம்மவர்கள் பலர் ‘லிஸ்ட்ல பேரே இல்ல’ என்று திரும்பிவிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் எழுத்துப் பிழை. பட்டியல் கன்னடத்தில் எழுதப்படும்போது ‘ழ’ இல்லாததால் கனிமொழி ‘கனிமொளி’ ஆவார். முருகேசன் ‘முருகேஷ்’ ஆவார். இனிஷியல் ஒரு பதிவில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் நிற்கும். பெயரைப் போட்டுத் தேடினால் கிடைக்காது. வாக்காளர் அடையாள அட்டை எண்ணைப் போட்டுத் தேடினால் கிடைக்கும். ஆகவே தாளில் பெயருக்கு முன்னால் அட்டை எண்ணுக்கு ஒரு கட்டம் இருக்க வேண்டும். மூன்று ஆங்கில எழுத்து, ஏழு இலக்கம், மொத்தம் பத்துக் கட்டம். அப்படி இல்லாத தாளை மாற்றித் தரச் சொல்லுங்கள். புதிதாகச் சேர்க்கப் படிவம் 6, முகவரி மாற்றத்துக்கும் பிழைத் திருத்தத்துக்கும் படிவம் 8, நீக்கத்துக்குப் படிவம் 7. வேட்புமனுவின் கடைசி நாள் வரை வரும் மனுக்களே கணக்கில் வரும். விசாரணைக்கு அவகாசம் வேண்டும் என்பதால் அதற்குக் குறைந்தது 10 நாள் முன்னால் கொடுத்துவிட வேண்டும்.

இனி அவசர வரிசை.

முதல் செய்தி: ‘இந்த முறை ஓட்டுப் போடாதவர் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படும்.’ இறந்தவர், வீடு மாறியவர், இரண்டு இடத்தில் பெயர் உள்ளவர், தகுதி இழந்தவர் ஆகியோரின் பெயர்தான் வழக்கமாக நீக்கப்படும். வாக்களிக்காதது நீக்கத்துக்குக் காரணமே இல்லை. ‘பயமுறுத்தினாத்தான் வருவாங்க’ என்கிறார் விற்பவர். யார் பயப்படுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். தவறாமல் போடுகிறவருக்கு இந்தச் செய்தி தேவையில்லை. போன முறை போடாதவரைக் குறிவைத்துத்தான் இது போகிறது. அவர் இதைப் படித்ததும், ‘நான் போன தடவை போடலியே, அப்ப என் பேரு ஏற்கெனவே போயிருக்கும்’ என்று முடிவு கட்டி வீட்டிலேயே இருந்துவிடுவார். யாரை வரவழைக்க வேண்டுமோ அவரையே வாசலில் நிறுத்திவிடுகிறது இந்தப் பொய்.

இன்னொரு கேடும் உண்டு. தமிழ்நாட்டில் 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, ஊரில் ஓட்டு வைத்துக்கொண்டு பெங்களூரில் வேலை பார்க்கும் குடும்பங்களுக்கு உண்மையான அபாயம் ஒன்று வந்தது: வீட்டில் ஆள் இல்லை, படிவம் திரும்பி வரவில்லை என்றால் பெயர் போகலாம். அந்த நேரத்தில் அவர்களுக்குத் தெரிய வேண்டியது சரியான காரணம். ‘ஓட்டுப் போடாததால் பேர் போச்சு’ என்று நம்பியிருப்பவர் படிவத்தைத் தேட மாட்டார், மேல்முறையீடு செய்ய மாட்டார். நல்ல எண்ணத்தில் விதைத்த பொய், உண்மை தேவைப்பட்ட நாளில் வழியை மறித்துக்கொண்டு நிற்கும்.

இரண்டாவது செய்தி: ஓட்டுப் போடாவிட்டால் வங்கிக் கணக்கிலிருந்து 350 ரூபாய் பிடிப்பார்கள் என்பது. இதன் பிறப்பிடம் 2019-இல் ஓர் இந்தி நாளிதழ் ஹோலிக்காக வேடிக்கையாகப் போட்ட துணுக்கு. ஆணையம் மறுத்தும் ஒவ்வொரு தேர்தலுக்கும் உயிர்த்தெழுகிறது. மக்களவை, சட்டமன்றத் தேர்தலில் வாக்களிக்காததற்கு அபராதம் எதுவும் இந்தியாவில் கிடையாது. இதைப் பற்றி இவ்வளவு போதும்.

மூன்றாவது அட்டை கொஞ்சம் நுட்பமானது: ‘பட்டியலில் பெயர் இல்லையா? ஆதாரைக் காட்டி 49ஏ பிரிவின்படி சேலஞ்ச் ஓட்டு கேளுங்கள். உங்கள் ஓட்டை வேறு யாராவது போட்டிருந்தால் டெண்டர் ஓட்டு கேளுங்கள். 14 சதவீதம் டெண்டர் ஓட்டு விழுந்தால் மறுவாக்குப்பதிவு.’ மூன்று கூற்று. நடுவில் உள்ளது மட்டும் உண்மை. தேர்தல் நடத்தை விதிகள் 1961-இல் 49ஏ என்பது வாக்கு இயந்திரத்தின் வடிவமைப்பைப் பற்றியது. ‘சேலஞ்ச்’ 49ஜே-யில் வருகிறது: வந்திருக்கும் வாக்காளர் அவர்தானா என்று ஓர் ஏஜெண்ட் சந்தேகம் எழுப்பி, 2 ரூபாய் கட்டி ஆட்சேபிப்பது. பட்டியலில் இல்லாதவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. டெண்டர் ஓட்டு 49பி-யில் (49P) இருக்கிறது: உங்கள் பெயரில் வேறொருவர் போட்டுவிட்டால் உங்களுக்குத் தாள் வாக்குச்சீட்டு தருவார்கள். அது இயந்திரத்துக்குள் போகாது, உறையில் தனியே வைக்கப்படும். 14 சதவீத விதி எங்குமே இல்லை.

விளைவைப் பாருங்கள். காலை வேலையை விட்டுவிட்டு வந்து வரிசையில் நின்ற ஒருவர், உள்ளே போய் ‘49ஏ’ என்று கேட்கிறார். அதிகாரி இல்லை என்கிறார். ‘சட்டம் தெரியாத ஆளை உட்கார வெச்சிருக்காங்க’ என்று சண்டை. பின்னால் நிற்பவர்களுக்கு அரை மணி வீண். வெளியே வந்தவர் ‘தமிழன்னா இப்படித்தான் விரட்டுவாங்க’ என்று சொல்லிவிட்டுப் போகிறார். அதிகாரி விதிப்படிதான் நடந்தார். அட்டையை அனுப்பியவர் அந்த வாக்காளருக்கு உரிமை வாங்கிக் கொடுப்பதாகத்தான் நினைத்தார்.

நான்காவது செய்தியை எங்களால் மன்னிக்கவே முடியவில்லை. வாக்குப்பதிவு நாளில் மாலை 3 மணிக்குப் போகிற செய்தி அது: ‘நம்ம பூத்தில் 80 சதவீதம் முடிஞ்சாச்சு. நீங்க மட்டும்தான் பாக்கி.’ பக்கத்து வீட்டுக்காரர் போய்விட்டார் என்றால் நாமும் போவோம் என்ற கூச்சத்தைத் தட்டி எழுப்புவதற்கு. 1,200 வாக்காளர் உள்ள ஒரு பூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 80 சதவீதம் என்றால் 960. மாலை 6 மணிக்கு வாக்குப்பதிவு முடிந்ததும் தலைமை அலுவலர் படிவம் 17சி-யில் பதிவான மொத்தத்தை எழுதி அங்கிருக்கும் ஏஜெண்டுகளுக்குப் பிரதி கொடுப்பார். அதில் 640 என்று இருக்கிறது. 53 சதவீதம். இனி அந்தத் தெருவில் என்ன பேச்சு நடக்கும்? ‘மூணு மணிக்கே 960 விழுந்துச்சே, மீதி 320 எங்க போச்சு?’ ஒரு கூச்சத்தைத் தட்ட நீங்கள் சொன்ன எண், இயந்திரத்தில் ஓட்டுத் திருடினார்கள் என்பதற்கு ஆதாரமாக மாறிவிடும். தோற்றவர் அதைத் தூக்கிக்கொண்டு சுற்றுவார். அடுத்த தேர்தலில் அதே தெருக்காரர் ‘போட்டு என்ன பிரயோஜனம்’ என்பார். அப்போது நீங்கள் அனுப்பும் உண்மைச் செய்தியையும் நம்ப மாட்டார்.

இந்த ஊருக்குப் பொய்ச் செய்தியின் விலை நன்றாகவே தெரியும். 2012 ஆகஸ்டில் வதந்திச் செய்திகளுக்குப் பயந்து வடகிழக்கு மாநிலத்தவர்கள் ஆயிரக்கணக்கில் பெங்களூரு ரயில் நிலையத்தில் குவிந்தார்கள்; மொத்தமாக எஸ்.எம்.எஸ். அனுப்புவதையே மத்திய அரசு 15 நாள் நிறுத்தி வைத்தது. 2018 மே மாதம் குழந்தை கடத்துபவர் என்று சந்தேகப்பட்டு ராஜஸ்தானிலிருந்து வந்த ஓர் இளைஞரைச் சாமராஜபேட்டைப் பகுதியில் அடித்துக் கொன்றார்கள். அந்தக் காலத்தில் பரவிய வீடியோக்களில் ஒன்று கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காகவே எடுத்த விழிப்புணர்வுப் படம். கடத்துவது போல நடித்து, கடைசியில் குழந்தையை இறக்கிவிட்டு எச்சரிக்கைப் பலகையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். அதை அனுப்பியவர்களில் தாய், தகப்பன், டீச்சர் எல்லாம் இருந்திருப்பார்கள். ‘பிள்ளைகளைப் பார்த்துக்குங்க’ என்று அக்கறையோடு அனுப்பியவர்கள். அனுப்பியவரின் நல்ல எண்ணம் செய்தியோடு கூடப் போகவில்லை. அடுத்தவர் கைக்குப் போனது அந்தக் காட்சி மட்டும்தான்.

விற்பவரின் கையேட்டில் முதல் பக்கத்திலேயே ஒரு குறள் அச்சாகியிருக்கும்: ‘பொய்ம்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்.’ பொய்யும் உண்மையாகிவிடும் என்று வள்ளுவரே சொல்லிவிட்டாராம். 18 ஆண்டுகள் துணி மூடிக் கிடந்து 2009-இல் திறக்கப்பட்ட வள்ளுவர் சிலை நிற்கும் அல்சூர் ஏரிக்கரையிலேயே இதை விற்கும்போது மனம் வலிக்கிறது. அந்தக் குறளில் பொய்க்கு அனுமதி கொடுக்கும் சொல் ‘நன்மை’ மட்டும் அல்ல. ‘புரைதீர்ந்த’ என்று ஒரு சொல் முன்னால் காவல் நிற்கிறது. குற்றம் சிறிதும் கலவாத நன்மை. ‘எனின்’ என்று ஒரு சொல் கடைசியில் நிற்கிறது. அப்படி இருந்தால் மட்டும். 960-க்கும் 640-க்கும் நடுவே விழுந்த சந்தேகத்தைப் புரை என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

அப்படியானால் அரசியலில் பொய்க்கு இடமே இல்லையா? இருக்கிறது, மிகச் சிறிய இடம். 2016 செப்டம்பர் 12 அன்று காவிரிப் பிரச்சினையில் இந்த நகரத்தில் தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டிகள் எரிந்தன. 16 காவல் நிலைய எல்லைகளில் ஊரடங்கு போட்டார்கள். அப்படி ஒரு நாளில் கும்பல் தெருவுக்குள் வந்து ‘இங்க தமிழர் வீடு எது?’ என்று கேட்டால், ‘அப்படி யாருமில்ல, போங்கப்பா’ என்று சொல்லும் பக்கத்து வீட்டுக் கன்னடத்து அம்மாவின் பொய் புரைதீர்ந்தது. கேட்பவருக்கு அந்த உண்மையைக் கேட்க உரிமை இல்லை. யோசிக்க நேரம் இல்லை. மறுநாள் காலையில் அதே தெருவில் நின்று ‘ஆமாம், பொய்தான் சொன்னேன்’ என்று அவரால் எல்லோர் முன்பும் சொல்ல முடியும்.

இன்னொன்றும் சொல்லலாம். கவரோடு வந்து, சூடம் கொளுத்தி, ‘எங்களுக்குத்தான் போடுவேன்னு சத்தியம் பண்ணு’ என்று நிற்கும் ஆளிடம் ஒரு கிழவி ‘சரிப்பா, உனக்குத்தான்’ என்கிறாள். பணம் வாங்குவதும் கொடுப்பதும் குற்றம், அது தனி வழக்கு. ஆனால் அந்தச் ‘சரிப்பா’ அவளைக் காக்கும் பொய். யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று வாக்காளரைச் சொல்ல வைக்க முடியாது என்று 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 94-ஆவது பிரிவே சொல்கிறது. மிரட்டுபவனுக்குக் கீழே நிற்பவர் சொல்லும் பொய் அது. அவசர வரிசையில் நடப்பது இதற்குத் தலைகீழ். பேசுபவர் கையில் ஆயிரக்கணக்கான எண்கள். கேட்பவர் தனி ஆள், தீர்மானிக்கும் உரிமை அவருடையது, அந்தத் தீர்மானத்துக்கு வேண்டிய தகவலையே கெடுத்துக் கொடுக்கிறோம். ‘நாங்கள் 80 என்று சொன்னது பொய், உங்களை வரவழைக்கத்தான்’ என்று மறுநாள் அதே எண்களுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பத் தயாரா என்று சங்கத்துக்காரர்களைக் கேட்டால் பேச்சு நின்றுவிடும்.

சொல்லாமல் இருப்பது வேறு, பொய் சொல்வது வேறு என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கலவர நேரத்தில் போலீஸ் ‘விவரம் இப்போது சொல்ல முடியாது, வெளியே வராதீர்கள்’ என்றால் அது மறைப்பு, பொறுத்துக்கொள்ளலாம். ‘எங்கும் ஒன்றும் நடக்கவில்லை’ என்றால், அதை நம்பிக் கடைக்குக் கிளம்பியவர் நேரே கும்பலுக்குள் போய் மாட்டிக்கொள்வார்.

சட்டம் இந்தப் பொய்யைத் தடுக்காதா என்று கேட்கலாம். கொஞ்சம்தான் தடுக்கும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 175-ஆவது பிரிவும் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(4) பிரிவும் வேட்பாளரின் சொந்த நடத்தையைப் பற்றிய பொய்யைத்தான் பிடிக்கும். பொய்ச் சதவீதமோ வெட்டிய நிபந்தனையோ அதில் சிக்குவது கடினம். அந்த இடைவெளியில் வாங்குபவரின் மனசாட்சியைத் தவிர வேறு காவல் கிடையாது.

அவசர வரிசைக்குப் பதிலாக என்ன அனுப்பலாம்? உண்மையிலேயே ஆட்களைக் கொண்டுவரும் செய்திகள் இருக்கின்றன, விற்பவர்கள் எழுதுவதில்லை. வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி (135B) பிரிவு. ஹவுஸ்கீப்பிங், கார்மெண்ட்ஸ், செக்யூரிட்டி வேலையில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு நாள் கூலிதான் பெரிய தடை. இந்த ஒரு வரி அவர்களை அசைக்கும். ஊரில் ஓட்டு இருந்து இங்கே வேலை செய்பவருக்கும் அந்த விடுமுறை உண்டு. மாலை 6 மணிக்கு வரிசையில் நின்றுவிட்டால் சீட்டுக் கொடுத்து, எத்தனை மணி ஆனாலும் போட விடுவார்கள். வேலை முடிந்து ஓடி வருபவர்களுக்கு இதை 4 மணிக்கு அனுப்புங்கள். 85 வயது தாண்டியவர்களும் 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் உள்ளவர்களும் படிவம் 12டி கொடுத்தால் வீட்டிலிருந்தே வாக்களிக்கலாம்; தேர்தல் அறிவிக்கை வந்து 5 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பதால் இதை முதலில் அனுப்புங்கள். பூத் சீட்டு மட்டும் அடையாளமாகாது, வாக்காளர் அட்டையோ ஆதாரோ கூட வேண்டும். சந்தேகத்துக்கு 1950 எண்.

பேரம் முடிப்பதற்கு முன் சில விஷயங்கள். ஒவ்வொரு செய்தியின் முழு வாசகத்திலும் இரு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள். ‘தேவைக்கேற்ப மாற்றலாம்’ என்ற வரியை அடித்துவிடுங்கள், அவசர வரிசை அந்த வழியாகத்தான் திரும்ப நுழைகிறது. எஸ்.எம்.எஸ். தலைப்பும் (அனுப்புநராகத் தெரியும் பெயர்) வாசக வார்ப்பும், மொத்தச் செய்தி அனுப்புபவர்கள் பதிவு செய்ய வேண்டிய டி.எல்.டி. தளத்தில் யார் பெயரில் இருக்கின்றன என்று பாருங்கள். விற்பவர் பெயரில் இருந்தால் என்ன போனது என்று உங்களுக்குத் தெரியவே வராது. வாட்ஸ்அப் அட்டை என்றால் உங்கள் ஆளே அட்மினாக இருக்க வேண்டும். அனுப்பியதை எல்லோரிடமிருந்தும் அழிக்க இரண்டரை நாள் வரைதான் முடியும், ஃபார்வர்ட் ஆன பிரதிகள் அதற்குள் அடங்காது. தவறு நேர்ந்தால் திருத்தச் செய்தி அதே எண்களுக்கு, அதே மொழியில், விற்பவர் செலவில் போக வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். பேக்கேஜில் இது இல்லை. கேட்டால் சேர்க்கிறார்கள்.

நோட்டீஸ் அடித்தால் அச்சிட்டவர், வெளியிடுபவர் பெயரும் முகவரியும் அதில் இருக்க வேண்டும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவுப்படி, இல்லாவிட்டால் 6 மாதம் வரை சிறையோ 2,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ. வேட்பாளராக இருந்தால் குரல் அழைப்புக்கும் மொத்த எஸ்.எம்.எஸ்-ஸுக்கும் ஊடகச் சான்றளிப்புக் குழுவிடம் முன் அனுமதி வாங்க வேண்டும். பதிவு பெற்ற கட்சியும் வேட்பாளரும் 3 நாள் முன்னால், மற்றவர்கள் 7 நாள் முன்னால், எழுத்து வடிவத்தோடு விண்ணப்பிக்க வேண்டும். வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம் இப்படிப்பட்ட பிரசாரத்துக்கு இடமில்லை. இவையெல்லாம் மக்களவை, சட்டமன்றத் தேர்தல் விதிகள். மாநகராட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். அதன் அறிவிக்கைகளை வாங்கி விற்பவர் முன்னால் வைத்து, ஒவ்வொரு செய்தியையும் ஒத்துப் பார்த்த பிறகு முன்பணம் கொடுங்கள்.